எந்த லத்தீப்பின் பொஞ்சாதி

பதுளை
14.07.2025

றஷீனாவுக்கு,

ஸலாம் சொல்லிவிட்டேன். நல்ல பேச்சு அதோடு முடிந்தது. இனிக் கேள்.

போன வெள்ளிக்கிழமை நான் மௌத்தாகிப்போனேன். உனக்கும் சாவுத் தகவல் வந்திருக்கும்.

காலையில் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம், ‘மர்ஹூம் லத்தீப் முதலாளி அவர்களின் மனைவி வபாத்தானார்கள்’ என்று. எனக்குக் கேட்கவில்லை. காது அடைத்துப்போய்க் கனகாலம். போனில் யார் பேசினாலும் தகரத்தில் மழை பெய்கிற மாதிரித்தான் இருக்கும். அதனால்தான் பேனையை எடுத்திருக்கிறேன், உன் மேல் பாசம் பொங்கி அல்ல.

இந்த ஊரில் லத்தீப் முதலாளிமார் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சீமெந்துக்கடை. மற்றவர் என் மனுசன், புடவைக்கடை. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மௌத்தானவள் சீமெந்துக்கடைக்காரரின் பொஞ்சாதி. ஆனால் நம்ம பள்ளியில் பொம்பளையின் பேரை வாய்விட்டுச் சொல்வதில்லையே. இன்னாரின் பொஞ்சாதி, இன்னாரின் உம்மா, இன்னாரின் மாமி. அவ்வளவுதான். எழுபது வருஷத்துக்கு மேல் சுமந்த பேர், கடைசி நாளில் ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் மேல்மாடியில் கொச்சிக்காய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்தால் ஹோல் நிறையப் பொம்பளைகள். என் மருமகள் ரிஸ்கா வாசலில் நின்று, “மாமி ஈக்கிறா, மாமி மௌத்தாகல்ல” என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் ஒருத்தி வீறிட்டாள். மற்றவர்களின் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷமா? இல்லை. ஏமாற்றம். பஸ் பிடித்து வந்தவர்களுக்கு ஒரு மையத்தாவது இருக்க வேண்டாமா?

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்கள். எனக்குக் காது கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் என் முன்னாலேயே பேசினார்கள். வலது காதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. “ரிஸ்கா பாவம், அவளும் எவ்வளவு காலத்துக்குச் செய்ற?” என்றாள் ஒருத்தி. “இப்பிடிப் படுக்கையில விழாமப் போயிடணும்” என்றாள் இன்னொருத்தி. அவள் கல்யாணச் சாரியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சாயம் போகாத சாரி.

சின்னவன் ஷப்ராஸ் செய்ததைக் கேள். கொழும்பில் இருக்கிறான். யாரோ போனில் அனுப்பிய அறிவித்தலைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு கோல்கூட எடுக்காமல், என் படத்தைப் போட்டு ‘எங்கள் சுவர்க்கம் போய்விட்டது’ என்று ஸ்டேட்டஸ் வைத்தான். மூத்தவன் றவூப் கோல் எடுத்து, “உம்மா ஈக்கிறா டா, அத எடு” என்றானாம். அதற்கு இவன், “அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஆக்கள் துஆ எழுதிட்டு ஈக்கிறாங்க, இப்ப எடுத்தா ஒரு மாதிரி. அசருக்குப் பொறகு எடுக்கிறன்” என்றான். அசர் தொழுகை வரைக்கும் நான் மையத்து. படமும் நல்ல படம் இல்லை, யாரோ ஒருத்தியின் கல்யாணத்தில் வாயில் புரியாணி இருக்கும்போது எடுத்தது.

வந்தவர்களை எல்லாம் மனதில் குறித்துக்கொண்டேன். வராதவர்களை அதைவிட நன்றாகக் குறித்துக்கொண்டேன். நீ வரவில்லை.

கூடப்பிறந்தவளின் மௌத்துக்குமா வரமாட்டாய்? சரி. ஒன்று சொல்கிறேன். எனக்கு உன்னிடம் வேறு ஒன்றும் வேண்டாம். நான் உண்மையிலேயே போகும்போது என்னைக் குளிப்பாட்ட நீ வர வேண்டும். ரிஸ்காவுக்கு என் கால் நகம் வெட்டவே அருவருப்பு. கூலிக்கு வருகிறவர்கள் மையத்தை மாட்டைப்போல் புரட்டுவார்கள். உம்மாவை நீ குளிப்பாட்டியதைப் பார்த்தவள் நான். உம்மாவுக்கு வலிக்கும் என்பது போலக் கை வைத்தாய். அந்தக் கைதான் எனக்கு வேண்டும். வருவாயா, மாட்டாயா? ஒரு சொல் எழுது.

ஸவாஹிரா


மொனராகலை
23.07.2025

கூடப்பிறந்த மூத்தவர் ஸவாஹிரா தாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. பேப்பரைப் பேனையால் குத்துகிற எழுத்து, மாறவில்லை.

நீங்கள் கேட்ட ஒரு சொல்: மாட்டேன்.

எனக்கும் அறுபத்தெட்டு. கை நடுங்குகிறது. அதைவிட, நான் யார் உங்களைக் குளிப்பாட்ட? உம்மாவின் மையத்தை நான் பதுளைக்குக் கொண்டுவந்த அன்றைக்கு உங்கள் பள்ளியில் எப்படி அறிவித்தார்கள்? நீங்கள் மறந்தாலும் எனக்கு அது குர்ஆன் மாதிரி மனப்பாடம். மகன் என்று நம்ம நானாவின் பேர் வந்தது, ‘லத்தீப் முதலாளியின் மாமியாரும் ஆவார்’ என்று உங்கள் மனுசன் பேர் வந்தது, அதோடு முற்றுப்புள்ளி. மகள்மாரை மருமகன்மார் பேரில்தான் சொல்வார்கள் என்பது தெரிந்துதானே என் மனுசன் ஸலீமின் பேரை அதிலிருந்து எடுத்தீர்கள்? தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவன் பேர் ஒலிபெருக்கியில் வந்தால் புடவைக்கடைக்குக் குறைச்சல். அவர் பேர் போனதோடு நானும் போனேன். ஊருக்கு முன்னால் உம்மாவுக்கு ஒரே மகள், அது நீங்கள்.

அந்த அறிவித்தல் வந்தபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? திரைக்குப் பின்னால் உம்மாவின் தலைமுடியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் விழுந்த நாள் தொடங்கி அந்த முடியை வாரியது இந்தக் கை. கடைசியாகவும் மூன்றாகப் பின்னி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நீங்கள் மெச்சுகிற கை அதுதான்.

இங்கே எனக்கொன்றும் குறைவில்லை. மகள் றின்ஸா ஹோலில் ஒரு கெமரா பூட்டியிருக்கிறாள், அவள் ஓபிசில் இருக்கும்போது நான் விழுந்தால் தெரிவதற்கு. அது பேசும். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் சுவரிலிருந்து, “உம்மா, மருந்து குடிச்சீங்களா?” என்று கேட்கும். திடுக்கிட்டு எழும்புவேன். முந்தி வானத்து மலக்குமார்தான் பார்க்கிறார்கள் என்று பயந்தோம். இப்போது மகள்மாரும் பார்க்கிறார்கள். தொழும்போது அதற்கு மேல் துவாயைப் போட்டுவிடுவேன். வயதானவர்களிடம் கேட்க இரண்டே கேள்விதான் இருக்கிறது போல. மருந்து குடிச்சீங்களா, சாப்பிட்டீங்களா. மூன்றாவதாக ஒன்றை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

றஷீனா


பதுளை
05.08.2025

றஷீனா,

நீங்கள், நீங்கள் என்று எழுதியிருக்கிறாய், கடைக்கு வந்த ஆளுக்குச் சொல்வது போல. புடவை வியாபாரியின் பிள்ளைதானே, அந்தப் புத்தி போகாது.

ஆம், அறிவித்தலை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். உன்னை நான் விடவில்லை, லொறியைத்தான் விட்டேன். நீ லொறியில் ஏறி உட்கார்ந்திருந்தால் அது என் பிழையா?

நான் மறந்தேன் என்றா நினைத்தாய்? நீ அந்த லொறிக்காரனோடு போன அன்றைக்கு வாப்பா கொஸ்லந்தைத் தோட்டத்தில் சம்பள நாள் வியாபாரத்துக்குப் போயிருந்தார். தொழிலாளர் லயத்து வாசலில் புடவை மூட்டையை அவிழ்க்கும்போதுதான் ஒருவன் சொன்னான், “மொதலாளி, ஒங்க மக கொழுந்து லொறியில போகுதுங்க” என்று. மூட்டையை அப்படியே கட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு அவர் போகவே இல்லை. நீ புருஷனைத் தேடிக்கொண்டாய், அவர் ஒரு தோட்டத்தை இழந்தார். அதை நீ எந்த ஒலிபெருக்கியில் அறிவித்தாய்?

உம்மாவைப் பார்த்தேன், பார்த்தேன் என்கிறாய். யார் பார்க்கச் சொன்னது? நான் றவூபின் கல்யாண வேலையில் இருந்தபோது உம்மாவை லொறியின் முன் ஸீட்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். கேட்டதற்கு, “இங்க அவங்கள வைக்க எடமில்ல தானே” என்றாய். கல்யாண வீட்டில், ஆட்களுக்கு முன்னால். அந்தச் சொல் இன்றைக்கும் என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. சோறு விழுங்கியும் போகவில்லை.

ஆனால் இதற்காக நான் இன்றைக்கு எழுதவில்லை.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த குமாரசிங்கம் ஐயாவை உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து ஆள், பென்சன் எடுத்தும் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறார். நேற்றுக் கடைக்கு வேட்டி எடுக்க வந்தார். என்னைக் கண்டதும் என் வலது காதுக்குள் கத்தினார்: “ஸவாஹிராம்மா, உங்கட தங்கச்சி சுகமே? அண்டைக்கு பஸ் ஸ்டாண்டில கண்டனான். வெள்ளைத் துப்பட்டியோட, கையில ஒரு பையோட நிண்டவ.”

“எண்டைக்கு?” என்றேன்.

“நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு சொன்ன அண்டைக்குத்தான்” என்றார். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வந்திருக்கிறாய். பதுளை வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் கால் நோகாத தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாய். நீ வரவில்லை என்று நான் முதல் கடிதத்தில் திட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திரும்பினாய்? அதை எழுது. அந்தப் பையில் என்ன இருந்தது? அதையும் எழுது.

ஸவாஹிரா


மொனராகலை
17.08.2025

தாத்தாவுக்கு,

சரி. எழுதுகிறேன்.

அன்றைக்கு றின்ஸா ஓபிசிலிருந்து கெமராவில்தான் சொன்னாள். “உம்மா, ஒரு செய்தி, பதறாதீங்க, ஷப்ராஸ் நானா ஸ்டேட்டஸ் போட்டீக்கிறார்.” சுவர் சொல்லி நீங்கள் மௌத்தான செய்தியைக் கேட்டவள் நான். எழும்பிப் பின்வளவுக்குப் போனேன். அங்கே இலந்தை மரம் நிற்கிறது, மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் அதன் இலையைத்தான் போடுவோம். உங்கள் குளிர் ஊரில் அது வளராது. உம்மாவுக்கும் இங்கேயிருந்துதான் இலை கொண்டுவந்தேன். முள் குத்தக் குத்த ஒரு பை நிறையப் பறித்தேன். கற்பூரமும் பஞ்சும் அலுமாரியில் இருந்தன. நான் எனக்கென்று வாங்கி வைத்தவை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மகள் திரும்பக் கூப்பிட்டபோது கதிரைதான் இருந்ததாம்.

பசறை வரும் வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பொம்பளை தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். தாத்தா, பொய் சொல்லமாட்டேன், பசறை வரும்போது உங்களை முழுதாக மன்னித்திருந்தேன். அறிவித்தல், லொறி, கல்யாண வீடு, ஒன்றும் மிச்சமில்லை. நெஞ்சு கழுவிய சட்டி மாதிரி இருந்தது. முகத்தை எப்படித் துடைப்பது, முடியை எத்தனை தரம் அலசுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பதுளையில் இறங்கி, ஒரு த்ரீவீலர்க்காரரிடம் லத்தீப் முதலாளி வீட்டு மையத்துக்குப் போக வேண்டும் என்றேன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து ஆள், நரைத்த மனுசன். “எந்த லத்தீப்புங்க?” என்றார். “லத்தீப்ட பொஞ்சாதி, இண்டைக்கு மௌத்தானவ” என்றேன். “அது சீமெந்துக்கடைங்க. பொடவக்கட அம்மா உசுரோட தான் இருக்காங்க. சனமெல்லாம் தப்பா அங்க போயிருச்சு. இப்பத்தான் மாடியில நின்னு ஒருத்தர ஏசிக்கிட்டு இருந்தாங்க” என்றார்.

நீங்கள் இருக்கிறீர்கள் என்று கேட்டதும் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். அடுத்த மூச்சிலேயே எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அறிவித்தல் வந்தது, லொறி வந்தது, கல்யாண வீடு வந்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மௌத்தான தாத்தாவிடம் நான் போகலாம். ஏசிக்கொண்டு நிற்கிற தாத்தாவிடம் போக எனக்குக் கால் வரவில்லை. இதுதான் நீங்கள் கேட்ட பதில். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பையில் இருந்ததைக் கேட்டீர்கள். இலையை வீசவும் மனமில்லை. “சரி, சீமெந்துக்கடைக்கே போங்க” என்றேன். அங்கே குளிப்பாட்ட ஆள் போதாமல் நின்றார்கள். மகள்மார் வெளிநாட்டிலாம், போனைத் தூக்கிப் பிடித்து அவர்களுக்கு உம்மாவின் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று யாரும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். உங்களுக்குக் கொண்டுவந்த இலையில், உங்களுக்குக் கொண்டுவந்த கற்பூரத்தில், அந்த மனுசியைக் குளிப்பாட்டினேன். உங்கள் உயரம்தான். முடியும் உங்களைப் போலவே, காதோரம் மட்டும் சுருள். மூன்றாகப் பின்னினேன். பிறகு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

அவரின் பேரைக் கேட்டேன். அங்கே இருந்த பொம்பளைகளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. “மாமி எண்டுதான் செல்லுவோம்” என்றார்கள்.

றஷீனா


பதுளை
09.09.2025

றஷீனா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஒரு கிழமை ஒருவரையும் ஏசவில்லை. ரிஸ்கா எனக்கு சுகர் ஏறிவிட்டது என்று நினைத்து டொக்டரிடம் கூட்டிப்போனாள். டொக்டர் கேட்டது அவளிடம், “அம்மா சாப்பிடுறாவா?” என்று. என் வாய் என் முகத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

எனக்குப் பறித்த இலையை அவளுக்குக் கொடுத்தாயா? அந்தச் சீமெந்துக்கடைக்காரி யார் தெரியுமா? என் கல்யாணத்தில் சாப்பாட்டில் உப்பில்லை என்று எழுந்துபோனவள். அவளுக்கு இலந்தை இலையும் கற்பூரமும் என் தங்கச்சியின் கையும். கொடுத்துவைத்தவள். நானோ மாடியில் நின்று கொச்சிக்காய்க்காரனை ஏசிக்கொண்டிருந்தேன். ஒரு மையத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இனி நான் செய்ததைக் கேள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. அது எனக்கு வராது, உம்மா அதை எனக்குப் பழக்கவில்லை.

றவூபைக் கூப்பிட்டு, என் மௌத்து அறிவித்தல் இப்படித்தான் போக வேண்டும் என்றேன். முதலில் ‘ஸவாஹிரா’ என்று என் பேர். பிறகு, ‘மொனராகலை மர்ஹூம் ஸலீம் அவர்களின் மதினியும் ஆவார்.’ அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“உம்மா, எந்த ஸலீம்?” என்றான்.

கேட்டாயா? பெற்ற மகன் கேட்கிறான். நான் எடுத்த பேர் அவ்வளவு சுத்தமாக அழிந்துபோயிருக்கிறது.

“உன்ட சாச்சிட, என்ட தங்கச்சிட மாப்பிள்ள டா” என்றேன்.

“எங்களுக்குச் சாச்சி ஈக்கிறாவா?” என்று அவன் கேட்கவில்லை, அந்த மட்டில் அல்லாஹ் காப்பாற்றினான். பள்ளிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னான்: “பொம்பளைட பேர் செல்ற பழக்கமில்லையாம் உம்மா. மத்தது, மதினி, சகலன் எல்லாம் போட்டா நீளமாம். மகன்மார்ட பேர் மட்டும் தாங்க எண்டு சென்னாங்க.” பிறகு, “இதெல்லாம் இப்ப ஏன் உம்மா, மருந்து குடிச்சீங்களா?” என்றான்.

ஆக, எனக்கு அது கைகூடவில்லை. எடுக்கும்போது ஒரே வார்த்தையில் எடுத்தேன். திரும்ப வைக்கப் போனால் ஒலிபெருக்கியில் இடமில்லையாம். நான் போகும் அன்றைக்கும் ‘லத்தீப் முதலாளியின் மனைவி’ என்றுதான் சொல்வார்கள். நீயும் பஸ் ஸ்டாண்டில் நின்று எந்த லத்தீப் என்று கேட்கத்தான் வேண்டும்.

அதனால் அறிவித்தலுக்குக் காத்திராதே. இப்போதே வா. ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு முதல் பஸ்ஸில் வந்தால் பகல் சோற்றுக்கு வந்துவிடலாம். உப்புப் போட்டுத்தான் சமைப்போம். என்னோடு பேச வேண்டாம், எனக்குக் கேட்கவும் கேட்காது. உட்கார்ந்துவிட்டுப் போ. பசறையில் உன் நெஞ்சு எப்படி இருந்தது என்று எழுதினாயே, அதை அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கு. த்ரீவீலர்க்காரனிடம் ஒன்றும் கேட்காதே.

நீ சொன்ன மூன்றாவது கேள்வியைக் கேட்கிறேன். தனியாக இருக்கிறாயா?

ஸவாஹிரா


மொனராகலை
21.09.2025

தாத்தாவுக்கு,

வரமாட்டேன்.

போன கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், இந்த ஊர் பஸ் ஸ்டாண்டு. பதுளை பஸ் நின்றது. ஏறினால் பசறையில் மன்னிப்பேன், பதுளையில் இறங்கினால் மறுபடியும் எல்லாம் வரும். இரண்டு தரம் அப்படி நொந்துபோக இந்த வயதில் எனக்கு நெஞ்சில்லை. பஸ் போன பிறகு திரும்பிவந்து கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம்.

றின்ஸா கார் வாங்கப் போகிறாள். கராஜ் கட்ட இடம் வேண்டுமென்று இலந்தை மரத்தைத் தறித்துவிட்டார்கள். மரம் விழுமுன் இலையெல்லாம் உருவி எடுத்து நிழலில் காயவைத்து, இரண்டு ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு. மற்றது உங்களுக்கு. முந்துகிறவளுக்குப் பிந்துகிறவள். நான் முந்தினால் நீங்கள் வர வேண்டும், காது கேட்காது என்று சாட்டுச் சொல்ல ஏலாது. நீங்கள் முந்தினால் நான் வருவேன். கை நடுங்கினாலும் வருவேன். ‘மாட்டேன்’ என்று முதலில் எழுதியதை அடித்துவிடுங்கள்.

போத்தல் மாறிப்போகாமல் இருக்க வெள்ளைத் துண்டு ஒட்டிப் பேர் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுடையதில் ‘ஸவாஹிரா’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எந்த லத்தீப்பின் பொஞ்சாதி என்று எழுதவில்லை.

றஷீனா